எழுத்துக்கும் கால் உண்டு

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

“காலை எங்கேடா விட்டாய்?” என்று அம்மா அதட்டியதும், இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். அவன் ‘பாடம்’ என்பதைப் ‘படம்’ என்று எழுதியிருந்தான். நாங்கள் சிரித்தோம். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

தாத்தா இளமையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அந்நாளில் ஈயத்தில் வார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவார்களாம். ‘கோ’ என்னும் ஓரெழுத்துக்கு இரட்டைக்கொம்பு, க, கால் என மூன்று துண்டுகள் வேண்டும். ஒருமுறை திருமண அழைப்பிதழில் கால் ஒன்று விடுபட்டு, ‘மாலை 6 மணி’ என்பது ‘மலை 6 மணி’ ஆகிவிட்டது. மறுபடியும் அச்சடித்த காகிதத்தின் விலையைத் தாத்தாவின் கூலியில் பிடித்துக் கொண்டார்கள்!

தோழியரே, நாம் நாள்தோறும் எழுதும் இவ்வுறுப்புகளின் பெயர்களை அறிவோமா? ‘கா’வில் இருப்பது கால், துணைக்கால் என்றும் சொல்வர். ‘கெ’யில் ஒற்றைக்கொம்பு, ‘கே’யில் இரட்டைக்கொம்பு, ‘கை’யில் இணைக்கொம்பு. ‘கி’யின் தலையில் வளைவது மேல்விலங்கு. “கொம்பும் விலங்கும் இருந்தால் அது காடு அல்லவா?” என்பது தம்பியின் கேள்வி. சுழிகளையும் எண்ண வேண்டும். மூன்று சுழி ‘ண’ போட்டால் மணம். ஒன்று குறைந்தால் மனம்.

ஆங்கில எழுத்துகளுக்கும் உடல் உண்டு. பெரிய ‘கே’க்குக் கையும் காலும், ‘எஸ்’ஸுக்கு முதுகெலும்பும், சிறிய ‘எச்’சுக்குத் தோளும் இருக்கின்றன. அச்சில் வரும் சிறிய ‘ஜி’க்குக் காதுகூட உண்டு. சிறிய ‘இ’யின் உள்ளே அடைபட்ட வெற்றிடத்தைக் கண் என்கிறார்கள். வெற்றிடத்துக்கு எதற்குப் பெயர் என்று கேட்டேன். மை மிகுந்தால் முதலில் அடைபடுவது அதுதான் என்றார் தாத்தா.

நம் எழுத்தின் உறுப்புகள் எல்லாம் தொடக்கம் முதல் இப்படியே இருந்தவை அல்ல. தொல்காப்பியத்தின்படி குறில் எகரமும் ஒகரமும் புள்ளி பெறும். நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஆனால் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. அப்படியானால் ‘பெறு’ எது, ‘பேறு’ எது? 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பை மேலே சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டினார். அந்தச் சுழித்த கொம்பே இன்றைய இரட்டைக்கொம்பு. ‘எ’யின் கீழே கோடு இழுத்து ‘ஏ’ ஆக்கியவரும் அவரே.

பின்னர் 1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்குமுன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு இணைக்கொம்பு கிடையாது. யானைத் தும்பிக்கை போன்ற ஒரு வளைவே இருந்தது. தாத்தா இன்றும் கடிதத்தில் தும்பிக்கைதான் போடுகிறார்.

ஓலைச்சுவடிகளில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ‘ர’ எழுத்தும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். இப்போது ‘ர’வின் அடியில் உள்ள சாய்ந்த கோடு அப்போது இல்லை. ஏடுகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரே ஓரிடத்தில் ‘சரடு’ என்ற சொல்லை நெடுங்காலம் ‘சாடு’ என்று எண்ணியிருந்தாராம்! இதைக் கேட்டபின் தம்பிக்கு மிகுந்த தைரியம் வந்துவிட்டது.

இக்கட்டுரையை ஆசிரியையிடம் கொடுக்குமுன் தாத்தாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வரிமேல் வைத்து மெல்லப் படித்தார். நான் இரண்டு இடங்களில் கால் விட்டிருந்தேன்.