மனுக் கொடுப்பதும் ஓர் அமானிதமே!

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தாம்பரத்திலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும் ஒரே பேச்சுத்தான். சாலை பெயர்ந்துவிட்டது, மழைநீர்க் கால்வாய்க்கு மூடியில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் வரும் நீர் நாறுகிறது. 'மனுக் கொடுக்கக் கூடாதா?' என்று கேட்டால், 'கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும்.

நாம் கொடுக்கும் மனு எங்கே போகிறது? யார் கையில் எப்படிப் பயணம் செய்கிறது? எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது? இவற்றை அறிந்துகொள்ளாமல் அதிகாரிகளைக் குறை கூறுவதால் பயனில்லை. அறிந்துகொண்டபின் உரிமையுடன் கேட்பதில் தவறுமில்லை.

ஒரு பகுதி, பல எசமானர்கள்

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் அதில் ஒன்றிணைந்தன. 70 வார்டுகள் வகுக்கப்பட்டு, 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடைபெற்றது. பத்து அலுவலகங்களில் பத்து விதமாக நடந்துவந்த பணிகள் ஒரு குடையின்கீழ் வந்தன.

ஆனால் எல்லாம் அந்தக் குடையின்கீழ் வந்துவிடவில்லை. முடிச்சூர், மேடவாக்கம் போன்ற ஊர்கள் அப்போது ஊராட்சிகளாகவே நின்றன. மடிப்பாக்கம், பள்ளிக்கரணை முதலியவை 2011ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டன. பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் ஒட்டிய ஒரு பகுதி, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கண்டோன்மென்ட் வாரியத்திற்குரியது.

தெருக்களை எடுத்துக்கொண்டால் குழப்பம் இன்னும் பெரிது. குடியிருப்புகளின் உட்தெருக்கள் மாநகராட்சியுடையவை. தாம்பரம் - வேளச்சேரி சாலையும் தாம்பரம் - முடிச்சூர் சாலையும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளவை. இரயில் பாதையின் கீழே சுரங்கப்பாதை அமைக்க வேண்டுமானால், தண்டவாளத்தின் அடிப்பகுதியை இரயில்வேயும் இருபுற அணுகுசாலையை நெடுஞ்சாலைத் துறையும் செய்தாக வேண்டும். பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறிய ஏரிகள் உள்ளாட்சிகளிடமும் உள்ளன. தெருவிளக்கு மாநகராட்சியுடையது, அதற்குப் பாயும் மின்சாரமோ மின் வாரியத்துடையது.

மழைநீருக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. சிட்லப்பாக்கத்தில் நிரம்பிய நீர் செம்பாக்கம் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். வழியில் ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் மேலேயுள்ள ஊரில் வீட்டிற்குள் தண்ணீர் நுழையும். அடைப்பு ஒருவருடைய எல்லையில், துன்பம் மற்றொருவருடைய எல்லையில்!

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் நீரில் மூழ்கின. பள்ளிவாசல்கள் தம் கதவுகளை எல்லா மதத்தவர்க்கும் திறந்து வைத்த நாட்கள் அவை. அடையாற்றின் கரை ஒரு துறையிடமும், தெரு வேறோர் உள்ளாட்சியிடமும், நெடுஞ்சாலை மற்றொரு துறையிடமும் இருந்ததை அந்த வெள்ளம் எல்லாருக்கும் உணர்த்தியது.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று அப்பகுதி மக்கள் கூறினர்; அரசுத் தரப்பு அதனை ஏற்கவில்லை. பாதிக்கப்பட்ட தெருக்களில் சில மாநகராட்சியிலும், சில கண்டோன்மென்ட் எல்லையிலும் இருந்தன. காரணம் எதுவாயினும், 'தண்ணீர் நாறுகிறது' என்று ஒரு தாய் கூறும்போது அதனை எந்த மேசையில் பதிவு செய்வது என்பது உயிர் சம்பந்தப்பட்ட வினா என்பதை மறுக்க முடியாது.

மனுவின் பயணம்

மனு ஒன்று தபால் பிரிவில் பதிவு செய்யப்பட்டு எண் பெறுகிறது. மண்டல அலுவலகம் வழியாகப் பொறியியல் பிரிவை அடைகிறது. உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்வையிட வேண்டும். அவர் பார்த்தபின் இரண்டு வழிகள் பிரிகின்றன.

குழியை நிரப்புதல், அடைப்பு நீக்குதல், விளக்கு மாற்றுதல் போன்றவை பராமரிப்புப் பணிகள். இவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கும். நாட்கணக்கில் முடிய வேண்டியவை.

புதிய சாலை, புதிய கால்வாய் ஆகியவை வேறு வகை. அவற்றுக்கு மதிப்பீடு தயாராக வேண்டும். தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் வேண்டும். மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரப்பட வேண்டும். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத் தன்மைச் சட்டத்தின்படியே அது நடைபெற வேண்டும். வேலை முடிந்தபின் அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே பணம் வழங்கப்படும். பொதுப்பணத்தை ஒருவர் தம் விருப்பப்படி அள்ளிக் கொடுத்துவிடாதபடி போடப்பட்ட வேலிகள் இவை. ஆகவே மாதங்கள் ஆகும். பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கப்படாத தெருவில் சாலை போடாமல் காத்திருப்பதும் உண்டு. போட்ட சாலையை உடனே வெட்ட நேரும் என்பதே காரணம்.

'எங்கள் தெருவைச் சீர்செய்க' என்று எழுதப்படும் மனு இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று எவருக்கும் தெரியாது. 'ஆவன செய்யப்படும்' என்ற பதிலுடன் அது முடிக்கப்பட்டுவிடுகிறது. மனுவில் தெளிவில்லாவிட்டால் பதிலிலும் தெளிவிருக்காது.

எமக்குத் தெரிந்த ஒரு மஹல்லாவில், தெருமுனைக் கால்வாயின் மேற்பலகை உடைந்து கிடந்தது. குர்ஆன் மதரஸாவுக்கு வரும் சிறுவர் சிறுமியர் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். எழுபது பேர் கையெழுத்திட்டு ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தனர். பல மாதங்களுக்குப் பின், 'அந்தச் சாலை எமது பொறுப்பில் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. இடைப்பட்ட காலத்தில், சுபுஹுத் தொழுகைக்குச் சென்ற முதியவர் ஒருவர் அதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தார். பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்து, சாலை எந்தத் துறையினுடையது என்பதை எழுத்தில் பெற்றனர். பலகையின் நீள அகலம், கதவு எண், புகைப்படம் ஆகியவற்றுடன் ஒரே பக்கத்தில் புதிய மனு எழுதினர். சில வாரங்களில் பலகை போடப்பட்டது. முதல் அலுவலகமே மனுவை உரிய துறைக்கு அனுப்பி வைத்திருந்தால் அந்த முதியவரின் எலும்பு முறிந்திராது.

நம் முன்னோர் கண்ட முறை

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். இராக்கின் கரையில் ஒரு கோவேறு கழுதை கால் இடறினாலும், பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று தம்மிடம் அல்லாஹ் கேட்பானே என்று கலீஃபா உமர் (ரலி) அஞ்சியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மதீனாவில் இருந்துகொண்டு தொலைதூரப் பாதைக்கும் தாமே பொறுப்பு என்றார்களே தவிர, அது வேறு ஆளுநரின் எல்லை என்று சொல்லவில்லை.

அந்த உணர்வே பிற்காலத்தில் நிர்வாக அமைப்பாக வளர்ந்தது. சந்தையையும் தெருவையும் கண்காணிக்க 'முஹ்தஸிப்' என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். ஹிஜ்ரி 450இல், அதாவது 1058ஆம் ஆண்டில் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) தமது 'அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் நூலில் இப்பதவியை விரிவாக ஆராய்கிறார். ஊரின் குடிநீர் வழி தடைப்பட்டாலோ மதில் இடிந்தாலோ, பைத்துல்மாலில் பணமிருந்தால் அதிலிருந்து சீர்செய்ய வேண்டும். இல்லையெனில் அவ்வூரின் வசதி படைத்தோர் மீது அது பொதுக்கடமையாகிறது என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம்.

இக்கருத்தோடு ஒத்துப்போகும் ஏற்பாடு ஒன்று நம் மாநிலத்திலும் உண்டு. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும் 'நமக்கு நாமே' திட்டம் 1990களின் பிற்பகுதியில் தோன்றி, 2021இல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் கொண்டுவரப்பட்டது. சிட்லப்பாக்கத்தில் குடியிருப்போர் 2019ஆம் ஆண்டுக் கோடையில் வறண்ட ஏரியில் தாமே இறங்கிக் குப்பைகளை அகற்றினர். இடையறாது மனுக்களும் கொடுத்தனர். அவ்வாண்டே ஏரியின் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. கையும் மனுவும் சேர்ந்து உழைத்ததன் பலன் அது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, சாலை யாருடையது என்று கேட்டறிந்து மனு எழுதுக. ஒரு மனுவில் ஒரு குறையை மட்டும் எழுதுக. இடம், அளவு, எப்போதிருந்து என்ற விவரங்களைத் தருக. ஒப்புகை எண்ணைப் பெறாமல் திரும்பாதீர்.

இரண்டாவது, திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியரகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளைப் பயன்படுத்துக. பல துறைகள் சம்பந்தப்பட்ட சிக்கலுக்கு, எல்லாத் துறையினரும் கூடும் அந்த இடமே ஏற்றது.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களில் பதில் தரவேண்டும். தகவல் வேறு அலுவலகத்திடம் இருந்தால், 5 நாட்களுக்குள் விண்ணப்பத்தை அவர்களே அங்கு அனுப்பி நமக்குத் தெரிவிக்க வேண்டும். 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்பதைவிட, 'எமது மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகலைத் தருக' என்று கேட்பதே பயன் தரும்.

நான்காவது, பகுதி சபைக் கூட்டம். தமிழகத்தில் நகர்ப்புறப் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1ஆம் நாள் முதன்முதலாகக் கூடியபோது, அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட கூட்டம் நம் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான் நடைபெற்றது. ஊராட்சிகளில் வாழ்வோருக்குக் கிராம சபை உண்டு. இக்கூட்டங்களில் நம் சமுதாயத்தினர் எத்தனை பேர் அமர்கின்றனர்? குறிப்பாக நம் பெண்கள்? குழாயில் எந்த நேரத்தில் நீர் வருகிறது, எந்த நாளில் நிறம் மாறுகிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. அவர்கள் வாய் திறக்காத கூட்டத்தில் பாதிச் செய்திதான் பதிவாகும். ஜமாஅத் நிர்வாகங்கள் கூட்ட நாளைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாமே! ஜும்ஆவுக்குப்பின் ஒரு நிமிடம் அறிவிக்கலாமே!

நம்மையும் கேட்டுக்கொள்வோம்

மனுக் கொடுக்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டுப் படிக்கட்டையும் வண்டி ஏற்றும் சரிவையும் கால்வாயின் மேல் கட்டிவிட்டு, 'தண்ணீர் வடியவில்லை' என்று மனுக் கொடுப்பது என்ன நியாயம்? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொள்வதுபற்றி நபி (ஸல்) அவர்கள் விடுத்த கடும் எச்சரிக்கை, தெருப் புறம்போக்குக்குப் பொருந்தாதா? ஜும்ஆ நேரத்தில் தெருவை அடைத்து வாகனங்களை நிறுத்தி, நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்சுக்கு வழிவிடாமல் செய்வது எந்த வகை வணக்கம்? மனு நகர வேண்டுமென்று இலஞ்சம் கொடுப்போர், அதனைப் பெறுவோரைப் போலவே சாபத்திற்குரியவர் என்பதையும் மறக்கலாகாது.

அலுவலகங்களில் அமர்ந்திருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். 'எமது எல்லையில் இல்லை' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அத்துடன் நின்றுவிடாமல், 'இன்ன துறைக்கு, இன்ன நாளில் அனுப்பப்பட்டது' என்ற ஒரு வரியைச் சேர்த்து எழுதினால், மனுதாரர் பல மாதங்கள் அலைய வேண்டியதில்லை. பதவி ஓர் அமானிதம். குடிமகன் கொடுக்கும் மனுவும் அவ்வாறே. தனக்காக மட்டுமன்றி, அந்தத் தெருவில் நடக்கும் பெயர் தெரியாத வழிப்போக்கருக்காகவும் அவன் அதை எழுதுகிறான்.

இவ்வாரமே ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு பேர் சேர்ந்து தெருக்களைச் சுற்றி வருக. உடைந்த மூடிகளையும் எரியாத விளக்குகளையும் ஒரு தாளில் குறித்து, எது எந்தத் துறையினுடையது என்று எதிரே எழுதுக. அடுத்த மழைக்கு முன் அந்தத் தாள் உரிய மேசைகளைச் சென்றடைய வேண்டும். நம் முயற்சிகளை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.