ஹார்ட் டிஸ்க் இயங்க மறுத்தால் வியாபாரி செய்ய வேண்டியது என்ன?

முன்பெல்லாம் நமது கடைகளில் காசு லாச்சிக்குப் பக்கத்தில் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி இருக்கும். இன்று அந்த இடத்தில் கம்பியூட்டர் இருக்கிறது. கொள்வனவு, விற்பனவு, கடன் நிலுவை, காசோலைத் திகதி எல்லாம் அதற்குள்ளேதான். அவற்றின் பிரதியொன்றை உள்ளங்கை அளவான வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து லாச்சிக்குள் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். சிலர் கம்பியூட்டரில் இடம் போதவில்லை என்று பழைய வருடங்களின் கணக்கை முழுவதுமாக அந்த டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, இங்கே அழித்தும் விடுகிறார்கள். அப்போது டிஸ்க்கில் இருப்பது பிரதியல்ல, ஒரேயொரு மூலம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

அப்படிப்பட்ட டிஸ்க் ஒரு நாள் பேசாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த புடவைக் கடைக்காரர் ஒருவருக்கு இது நேர்ந்தது. டிஸ்க்கை மாட்டியதும் 'டக் டக்' என்று சத்தம் வந்திருக்கிறது. கடைப் பையன்கள் இரவு முழுவதும் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தார்கள். மறுநாள் நிபுணர் ஒருவரிடம் கொண்டுபோனபோது, உள்ளே தட்டு உரசிப் போய்விட்டது, இனி ஒன்றும் எடுக்க முடியாது என்றார். அவர் கொடுக்க வேண்டிய கடன் மொத்த வியாபாரிகளின் புத்தகங்களில் பத்திரமாக இருந்தது. அவருக்கு வர வேண்டிய கடனுக்குத்தான் ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை.

கடனை எழுதி வைப்பது நமக்கு வெறும் வியாபாரப் பழக்கமல்ல. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அதைப் பற்றியதுதான். எழுத்து அழிந்தாலும் கடன் அழிவதில்லை. ஸகாத் கணக்குப் பார்க்கவும், ஒருவருடைய ஹக்கை அவரிடம் ஒப்படைக்கவும் அந்த எழுத்து வேண்டும். ஆகவே அதைக் காப்பாற்றும் வழியைத் தெரிந்து வைத்திருப்பது நமது பொறுப்பு.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

சாதாரண ஹார்ட் டிஸ்க்கிற்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 தடவையோ அதற்கு மேலோ சுழல்கின்றன. அவற்றை வாசிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதக்கிறது. அந்த முனை பழுதானால் டக் டக் என்றோ, கிறீச்சென்றோ சத்தம் வரும். அந்த நிலையில் கரண்ட் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் முனை தட்டைச் சுரண்டக் கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த கணக்கை உலகில் எவராலும் மீட்க முடியாது. ஆகவே சத்தம் கேட்டால் உடனே கழற்றி வைத்துவிடுங்கள். இன்னொரு தடவை மாட்டிப் பார்க்கவே வேண்டாம்.

சத்தமே இல்லாவிட்டால் சிறிய காரணமாகவும் இருக்கலாம். வேறு நல்ல வயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மேசைக் கம்பியூட்டராக இருந்தால் முன்பக்க யூ.எஸ்.பி.யில் அல்லாமல் பின்பக்கத்தில், இடையில் வேறு இணைப்புப் பெட்டி வைக்காமல் நேராக மாட்டுங்கள். சிறிய டிஸ்க் தனக்கு வேண்டிய மின்சாரத்தை யூ.எஸ்.பி. வழியாகவே எடுக்கிறது. அது போதாவிட்டால் விளக்கு எரியும், தட்டு சுழலாது. பெரிய டிஸ்க்கென்றால் அதற்குரிய அடப்டரைச் சோதியுங்கள். வேறொரு கம்பியூட்டரிலும் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் வெளிப் பெட்டிக்குள் இருக்கும் இணைப்புப் பலகை மட்டும் பழுதாகி, உள்ளேயிருக்கும் டிஸ்க் நன்றாக இருக்கவும் கூடும். தெரிந்த தொழில்நுட்பவியலாளர் அதை வெளியே எடுத்து வேறு இணைப்பில் போட்டுப் பார்ப்பார். எல்லா வகைக்கும் இது சரிவராது. சிலவற்றில் யூ.எஸ்.பி. இணைப்பு டிஸ்க்கின் பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் தரவு சங்கேதமாக்கப்பட்டிருப்பதால் அந்தப் பலகை இல்லாமல் வாசிக்கவே முடியாது. எனவே பழைய பெட்டியையும் பலகையையும் எறிந்துவிடாதீர்கள்.

திரையில் வரும் கேள்விக்கு 'ஆம்' சொல்லாதீர்கள்

சில வேளை கம்பியூட்டர் டிஸ்க்கை அடையாளம் காணும். ஆனால் பாவிப்பதற்கு முன் போர்மட் செய்ய வேண்டும் என்று கேட்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பழுதானால்தான் பெரும்பாலும் இப்படி வரும். கொப்பியின் பொருளடக்கப் பக்கம் கிழிந்து போயிருக்கிறது, உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போவது இதற்கு ஒரு காரணம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இந்த நேரத்தில் போர்மட் செய்யாதீர்கள். டிஸ்க்கைத் திருத்துவதாகச் சொல்லும் வசதியையும் ஓடவிடாதீர்கள். திருத்துவது என்றால் டிஸ்க்கின் மேல் எழுதுவது. பழுதான டிஸ்க்கில் எழுதினால் மிச்சமிருப்பதும் போய்விடலாம்.

சரியான ஒழுங்கு, முதலில் பிரதி, பிறகு பழுது பார்த்தல். அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு முழுவதையும் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயற்சி செய்யும். அதன் பின் 'டெஸ்ட்டிஸ்க்', 'போட்டோரெக்' போன்ற இலவச மென்பொருட்களை அந்தப் பிரதியின் மேல் பாவிக்கலாம். மீட்கும் கோப்புகளை மூன்றாவது இடத்தில் சேமிக்க வேண்டும். இது பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

செய்யக் கூடாதவை

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் டிஸ்க் வேலை செய்யும் என்ற கதையை நம்பாதீர்கள். ஈரம் படிந்து கேடுதான் வரும். தட்டாதீர்கள், ஆட்டாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே விழும் ஒரு தூசி, முனை மிதக்கும் இடைவெளியை விடப் பெரியது. வெள்ளத்தில் நனைந்திருந்தால் வெயிலில் காய வைக்கவோ கரண்ட் கொடுக்கவோ வேண்டாம். காற்றுப் புகாத பையில் போட்டு உடனே நிபுணரிடம் கொண்டு செல்லுங்கள்.

கொடுப்பதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள்

பழுது பார்ப்பவர் எல்லோரும் தரவு மீட்பவர் அல்லர். மூடியைத் திறக்க வேண்டிய வேலையென்றால் தூசியற்ற அறை இருக்கிறதா என்று கேளுங்கள். பரிசோதனைக்கு எவ்வளவு, மீட்புக்கு எவ்வளவு, கிடைக்காவிட்டால் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டில் டிஸ்க்கின் தொடரிலக்கம் இருக்கட்டும். உங்கள் வாடிக்கையாளரின் கடன் விபரமும் அதிலிருப்பதால் அது ஓர் அமானத். பழைய டிஸ்க்கைத் திருப்பி வாங்க மறக்காதீர்கள்.

செலவைத் தீர்மானிக்குமுன் இன்னொரு கணக்கும் பாருங்கள். கணக்காளரிடம் இருக்கும் ஐந்தொகை, வங்கிக் கூற்று, பில் புத்தகத்தின் அடிக்கட்டை, மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பியவை என்பவற்றைக் கொண்டு எவ்வளவைத் திரும்ப எழுதலாம்? அப்படியும் கிடைக்காத பகுதியின் பெறுமதி என்னவோ, அதுதான் மீட்புக்கு நீங்கள் செலவழிக்கக் கூடிய உச்ச எல்லை.

இவ்வளவு சிரமமும் வராமலிருக்க வழி சுலபமானது. கணக்கு மூன்று இடத்தில் இருக்கட்டும். கம்பியூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, கடைக்கு வெளியே வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. பிரதி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியபடியே இருந்தால் கம்பியூட்டரைத் தாக்கும் வைரஸ் அதையும் தாக்கும். மாதம் ஒரு தடவை அதிலுள்ள ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்புவது, எண்ணிப் பார்க்காமல் காசு வாங்குவது போன்றது.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டுமுன் கடன் நிலுவைப் பட்டியலை மட்டுமாவது இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுக்குக் கொண்டு போங்கள். மற்றதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். வல்ல அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.