எந்தப் பயணத்துக்கு எந்த வயது?

கயிலாய மானசரோவர் யாத்திரைக்கு விண்ணப்பிக்க வெளியுறவு அமைச்சகம் வைத்திருக்கும் வயது வரம்பு 18 முதல் 70 வரை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டக் கூடாது; மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். 2019-இல் 65 வயதாக இருந்த ஒருவர், ‘சின்னவள் கல்யாணம் முடியட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2020-இல் கொரோனா வந்தது. ஐந்து ஆண்டுகள் இந்த யாத்திரையே நடக்கவில்லை. 2025-இல் மறுபடி தொடங்கியபோது அவருக்கு வயது 71. கையில் பணம் இருந்திருக்கலாம், முழங்கால் உறுதியாக இருந்திருக்கலாம். விண்ணப்பப் படிவம் அவரை ஏற்காது. அவருக்குப் பயணம் போகும் வயதே கடந்துவிட்டதா என்றால் இல்லை. அரசு ஏற்பாட்டில் கயிலைக்குப் போகும் வயதுதான் கடந்தது. இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான் நம் வீடுகளில் ஒருவர் ‘இனிமேல் எங்கே போவது’ என்று மொத்தமாகக் கைகழுவுகிறார். இன்னொருவர் ‘ஊரெல்லாம் எங்கே ஓடிப்போகிறது’ என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். இருவர் கணக்கும் ஒரே இடத்தில்தான் தப்புகிறது. பயணத்துக்குப் பொதுவாக ஒரு கடைசி வயது கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு.

கைகழுவியவரிடம் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இடா பைஃபர். வியன்னாவில் 1797-இல் பிறந்தவர். தன்னைவிட 24 வயது மூத்த, முதல் மனைவியை இழந்த ஒரு வழக்கறிஞருக்கு வாழ்க்கைப்பட்டார். கணவரின் தொழில் நொடித்தபின் ஓவியமும் இசையும் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். மகன்கள் இருவரும் தலையெடுத்த பிறகு, 1842-இல், 44-ஆம் வயதில், உயில் எழுதி வைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினார். கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கும் தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் உறவினர்களிடம் சொன்னார். போனதோ ஜெருசலேமுக்கும் எகிப்துக்கும். திரும்பி வந்து எழுதிய புத்தகத்தில் கிடைத்த பணத்தில் ஐஸ்லாந்து போனார். பிறகு உலகத்தை இரண்டு முறை சுற்றினார். முதல் சுற்றில் பிரேசில், தஹிதி, சீனா, இலங்கை, இந்தியா, பாரசீகம். இரண்டாவது சுற்றில் போர்னியோ, சுமத்ரா, கலிபோர்னியா, பெரு. வழியில் சேகரித்த பூச்சிகளையும் செடிகளையும் அருங்காட்சியகங்களுக்கு விற்றுச் செலவைச் சமாளித்தார். பெர்லின், பாரிஸ் புவியியல் சங்கங்கள் அவரைக் கௌரவ உறுப்பினராக்கின. லண்டன் சங்கம் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்தியது. சுமத்ராவில், மனிதக் கறி தின்பவர்கள் என்று ஐரோப்பியர்கள் அஞ்சிய பட்டாக் மக்கள் அவரை மறித்தபோது, கிழவியின் கறி வேகாது என்ற பொருளில் அவர்கள் மொழியிலேயே அரைகுறையாகச் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தார் என்பது அவரே எழுதி வைத்த செய்தி. வயது அங்கே குறையாக நிற்கவில்லை, கேடயமாகப் பயன்பட்டது. இருபது வயதுப் பெண் ஒருத்தி அதே காட்டில் அதே பேச்சைப் பேசியிருக்க முடியாது.

ஐரோப்பியப் பெண்மணிக்குச் சரி, நம் பக்கம் அப்படி யார் என்று கேட்டால், சென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்தே ஒருவரைக் காட்டலாம். ஏனுகுல வீராசாமி, சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தெலுங்கர். 1830 மே மாதம், சுமார் 50 வயதில், நூறு பேர் கொண்ட கூட்டத்தோடு காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி, ஸ்ரீசைலம், ஐதராபாத், நாக்பூர் வழியாகப் போய், கயை, கல்கத்தா, பூரி வழியாக ஊர் திரும்ப 15 மாதங்களுக்கு மேல் ஆயின. வழிநெடுக அவர் எழுதிய நாட்குறிப்பு, அவர் இறந்தபின் 1838-இல் ‘காசி யாத்திரா சரித்திர’மாக அச்சாயிற்று. எந்தக் கிராமத்தில் என்ன தானியம் கிடைக்கும், எந்த ஆற்றை எப்படிக் கடக்க வேண்டும், சுங்கம் எவ்வளவு, எந்த ஊரில் யார் எப்படிப் பேசினார்கள் என்று அவர் குறித்து வைத்தவை இன்று வரலாற்று ஆசிரியர்களுக்குச் சுரங்கம். நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் சாட்சிகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. இருபது வயதில் அதே வழியில் போயிருந்தால் கோயில்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தாமதமாகக் கிளம்பியவர் வெறுங்கையோடு போவதில்லை. அதுவரை வாழ்ந்த வாழ்க்கையையும் மூட்டையில் கட்டி எடுத்துப் போகிறார்.

இவர்கள் எல்லாம் ஆயிரத்தில் ஒருவர், சாதாரண மனிதருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சென்னை விமான நிலையத்தில் இரவு நேரத்தில் கிடைக்கும். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ கிளம்பும் அம்மாக்களைப் பாருங்கள். சொந்த மாவட்டத்தைத் தாண்டித் தனியே பேருந்து ஏறியிராதவர்கள்கூட, அறுபது வயதில் முதல் பாஸ்போர்ட் எடுத்து, விசா நேர்காணலுக்குப் போய், துபாயிலோ பிராங்பர்ட்டிலோ விமானம் மாறி, நடக்க முடியாவிட்டால் சக்கர நாற்காலி கேட்டு வாங்கி, போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே மாதக்கணக்கில் இருந்து, பனியில் நடந்து, மொழி தெரியாத கடையில் சாமான் வாங்கி, மருந்துப் பொடியோடு பத்தியச் சமையலும் செய்துவிட்டு வருகிறார்கள். இதை யாரும் பயணம் என்று சொல்வதில்லை. ‘ஒத்தாசைக்குப் போனாள்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. கடமை என்று பெயர் வைத்தால் பூமியின் மறுபக்கம் போக முடிகிற உடம்பு, ஆசை என்று பெயர் வைத்தால் கன்னியாகுமரிக்குக்கூட முடியாமல் போகிறது என்றால், தடை உடம்பில் இல்லை.

அதற்காக உடம்பு தடையே இல்லை என்று சொல்வதும் ஏமாற்று. தசை வலு நடுவயதிலிருந்தே மெல்லக் கரைகிறது, அறுபதுக்குப் பிறகு வேகமாகக் கரைகிறது. முழங்கால் தேய்கிறது, கண் மங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை வேண்டும் என்பதே நம் ஊரில் பல முதியவர்களின் பயணத்தை முடிவு செய்கிறது. சுற்றுலாக் கையேடுகள் இதைப் பேச வெட்கப்படுகின்றன. ஆனால் இந்த இழப்பு எல்லாமே ஒருவழிப் பாதை இல்லை என்பதற்கு ஓர் உறுதியான சான்று இருக்கிறது. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த பாஸ்டன் ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது; நடையின் வேகமும் கூடியது. சிறிய ஆய்வுதான், பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனாலும் தொண்ணூறில் எட்டு வாரத்தில் இது நடக்கும் என்றால், அறுபத்தைந்தில் மூன்று மாதம் படியேறிப் பழகிவிட்டுக் கிளம்புவதைப் பகல்கனவு என்று ஒதுக்க முடியாது. மலையுச்சிகளில் மூச்சுத் திணறி, தலை வலித்து வரும் மலைநோயும் வயதை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை. மிக வேகமாக ஏறுபவரைப் பிடிக்கிறது, இளைஞரானாலும். இதய நோயும் நுரையீரல் நோயும் வேறு விஷயம். அவற்றுக்கு மருத்துவரின் சொல்தான் கடைசிச் சொல்.

உடம்பு ஒத்துழைத்தாலும் மனம் ஒத்துழைக்குமா, வயதான மனதில் புதிதாக எதுவும் ஒட்டாதே என்பது அடுத்த தடுப்புச் சுவர். தங்கள் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கச் சொன்னால் முதியவர்களுக்கு அதிகம் நினைவுக்கு வருவது 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலம் என்பது உளவியலில் பலமுறை உறுதியான செய்தி. இதை வைத்து, பார்க்க வேண்டியதை இளமையிலேயே பார்த்தால்தான் பதியும் என்று வாதிடலாம். ஆனால் 1998-இல் ஷ்ராஃப், ரூபின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானிய மொழி பேசும் முதியவர்களிடம் கேட்டபோது வேறு விதமான விடை வந்தது. இளமை கடந்து நாடு மாறியவர்களுக்கு, நினைவுகள் குவிந்திருந்த இடம் நாடு மாறிய வயதை நோக்கி நகர்ந்திருந்தது. அப்படியானால் மனம் குறித்து வைப்பது வயதைப் பார்த்து மட்டுமில்லை, புதுமையைப் பார்த்தும்தான். குடியேற்றமும் பத்து நாள் சுற்றுலாவும் ஒன்றில்லை என்பது உண்மையே. ஆனாலும் ஒரே தெரு, ஒரே தொலைக்காட்சித் தொடர், ஒரே மாத்திரை டப்பா என்று ஓடிய ஓர் ஆண்டில் எந்த மாதம் எதில் கழிந்தது என்று சொல்ல முடியாதவர், ராமேசுவரத்தில் தங்கிய மூன்று நாளை மணிக்கணக்கில் விவரிப்பார். இதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை.

இன்னும் ஆழமான மறுப்பு நம் மரபுக்குள்ளேயே இருக்கிறது. இருந்த இடத்திலேயே எல்லாம் இருக்கிறது, எதற்கு அலைய வேண்டும் என்பது அது. இதற்குத் துணையாக அப்பர் கதையைச் சொல்வார்கள். முதிய வயதில் கயிலையைக் காணப் புறப்பட்டு, கால் தேய நடந்து, கை தேயத் தவழ்ந்து, மார்பு தேய ஊர்ந்த அப்பரை இறைவன் தடுத்து, அங்கிருந்த குளத்தில் மூழ்கச் சொல்கிறான், எழுந்தால் திருவையாறு. அங்கேயே கயிலைக் காட்சி கிடைக்கிறது. பெரியபுராணம் சொல்லும் இந்த நிகழ்ச்சியை ஒவ்வோர் ஆடி அமாவாசையிலும் திருவையாற்றில் கொண்டாடுகிறார்கள். பார்த்தீர்களா, தஞ்சைக்குப் பக்கத்திலேயே கயிலை கிடைத்துவிட்டதே என்பார்கள். கதையின் வரிசையை அவர்கள் கவனிப்பதில்லை. புறப்படும் முன்பும் திருவையாறு அங்கேதான் இருந்தது. வடதிசையில் உடம்பு தேயும்வரை போன பிறகுதான் அது கயிலையாகத் தெரிந்தது. இந்தக் கதையை வீட்டில் இருப்பதற்கான சான்றாகக் காட்டுபவர் முதல் பாதியைப் படிக்கவில்லை.

பணத்தைப் பற்றிய மறுப்பை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடுமாக இருந்தது, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. வயது ஏற ஏறப் பயணக் காப்பீட்டின் பிரீமியமும் ஏறுகிறது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது. ஓய்வூதியம் இல்லாதவருக்கு இதெல்லாம் சுவர்தான். என்றாலும் கொச்சியில் சின்னத் தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியை நாடே அறியும். அன்றாட வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கிப் போய்வந்து, கடையில் உழைத்து அதை அடைத்து, மறுபடி கிளம்பி, விஜயன் 2021-இல் மறைவதற்குள் 26 நாடுகளைப் பார்த்துவிட்டார்கள். கடன் வாங்கிப் போங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். தேநீர்க்கடை வருமானத்தில் நடந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்து சமய அறநிலையத் துறையின் ராமேசுவரம்–காசி இலவசப் பயணத்துக்கு வயது 60 முதல் 70 வரை. அந்தத் திட்டத்தில் அறுபது என்பது தொடக்கக் கோடு.

ஆனால் அங்கேயும் எழுபதில் ஒரு கோடு விழுகிறது. ‘ஊரெல்லாம் எங்கே ஓடிப்போகிறது’ என்பவருக்கு இப்போது வருவோம். ஊர் ஓடுவதில்லை, வாய்ப்பு ஓடுகிறது, அதுவும் எல்லா ஊருக்கும் ஒரே வேகத்தில் இல்லை. ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் தென் அமெரிக்காவின் சில நாடுகளுக்கும் போய்த் திரும்பும் இந்தியர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். முதல் முறையாக அந்த ஊசியை 60 வயதுக்குப் பிறகு போட்டுக்கொள்பவருக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். 2016 முதல் ஒரு சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால், கென்யா ஆசை உள்ளவர் 58-இல் யோசிப்பதற்கும் 68-இல் யோசிப்பதற்கும் மருத்துவரீதியாகவே வித்தியாசம் இருக்கிறது. சிங்கப்பூருக்கு அப்படி எதுவும் இல்லை, எண்பதிலும் போகலாம். ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓய்வு பெற்றதும் சுலபமானவற்றை, பக்கத்தில் இருப்பவற்றை, பேருந்து வாசல் வரை போகும் கோயில்களை முடிக்கிறார்கள். கடினமானதைக் கடைசிக்கு வைக்கிறார்கள். பழகாமல் எடுத்த எடுப்பில் மலையேறச் சொல்வதா என்று கேட்டால், ஒரு சின்னப் பயணம் ஒத்திகைக்குப் போதும். பத்து ஆண்டு ஒத்திகை வேண்டாம். தாமதமாகத் தொடங்குகிறவர் எழுத வேண்டிய பட்டியலில் தூரத்தையோ செலவையோ பார்த்து வரிசை போடக் கூடாது, எது முதலில் கை நழுவும் என்று பார்த்துப் போட வேண்டும். சோளிங்கர் நரசிம்மரைப் பார்க்க ஏற வேண்டிய 1,305 படிகளுக்கு மாற்றாக 2024-இல் ரோப்கார் வந்துவிட்டது, அவர் காத்திருப்பார். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளுக்கு இன்னும் கால்தான்.