கண்டுபிடித்தவர் அப்பா, கடைக்கோடிக்குக் கொண்டுபோனவர் மகன்

நேயர்களிடமிருந்து அடிக்கடி வரும் ஒரு கேள்வியோடு இன்றைய எபிசோடைத் தொடங்குகிறேன். "என்கிட்ட ஒரு நல்ல ஐடியா இருக்கு. வெளியே சொன்னா யாராவது திருடிடுவாங்களோன்னு பயமா இருக்கு. என்ன பண்றது?"

இதற்கு நேரடியாகப் பதில் சொல்வதைவிட, ஒரு அப்பா, மகன் கதையைச் சொல்றேன்.

பெட்டிக்கடை வாசலில் ஷாம்பு பாக்கெட் சரம் சரமாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீங்க. ஒரு காலத்தில் ஷாம்பு என்றால் பாட்டில்தான், வசதியானவர்கள் வீட்டுச் சாமான். கூலி வேலைக்குப் போறவங்க மொத்தமா காசு கொடுத்து பாட்டில் வாங்க முடியுமா? ஆனால் ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் வாங்க முடியும். இதை யோசித்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். மருந்து, அழகுசாதனப் பொருள் தயாரிப்பில் இறங்கினார். டப்பாவில் விற்ற பவுடரைச் சின்னப் பொட்டலமாகக் கொடுத்தார். பிறகு ஷாம்புவை சாஷேயில் அடைத்தார். ஏழைகளும் வாங்கும்படி ஒரு பொருள் இருக்கணும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

சரி, அவர் பெரிய முதலாளி ஆனாரா? இல்லை. ஒன்றைச் செய்து முடித்ததும் அவர் மனசு அடுத்த புதுமைக்குப் போய்விடும். செய்ததை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பதில் அவருக்கு நாட்டம் இல்லை. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதனே பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அப்பா காலமான பிறகு சகோதரர்கள் வெல்வெட் ஷாம்பு தொழிலை நடத்தினார்கள். அவர்களோடு கருத்து வேறுபாடு வந்து ரங்கநாதன் தனியாக வெளியே வந்தார். கையில் இருந்தது 15,000 ரூபாய். 1983-ல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். அந்தப் பெயரே அப்பாவின் பெயரிலிருந்து வந்ததுதான்.

இங்கே ஒன்றைக் கவனிங்க. சாஷே அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. ஷாம்புவும் இல்லை. அதே பொருளை விற்க ஏற்கெனவே ஆட்கள் இருந்தாங்க. அவர் புதிதாகக் கொண்டுவந்தது வேறு.

முதலாவது, வாங்குகிறவர் இருக்கிற இடத்துக்கே போனார். ஷாம்புவே தெரியாத கிராமங்களில் ஒரு பையனுக்குத் தலைக்குக் குளிப்பாட்டி, கூடியிருந்தவங்களை முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாங்க, முகர்ந்து பார்க்கச் சொன்னாங்க. ஆயிரம் விளம்பரம் சொல்லாததை அந்தப் பையனின் தலை சொல்லிவிடும், இல்லையா?

இரண்டாவது, போட்டியாளரின் குப்பையைத் தன் முதலாக்கினார். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டைக் கொண்டுவந்தாலும் சிக் இலவசம் என்றார். ஜனங்க பழகிய பிறகு, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார். அப்புறம் என்ன, கடையில் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தாங்க. மல்லிகை, ரோஜா வாசனையில் வந்தபோது விற்பனை இன்னும் ஏறியது.

மூன்றாவது, கணக்கு. அடமானம் வைக்க அவரிடம் எதுவுமே இல்லை. ஆனால் அவ்வளவு சின்னக் கம்பெனியாக இருந்தபோதே வருமான வரி ஒழுங்காகக் கட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் வங்கி மேலாளர் கடனுக்குப் பரிந்துரை செய்தார் என்று அவர் சொல்லியிருக்கிறார். நேர்மை ஒரு கட்டத்தில் ஜாமீனாகவும் நிற்கும்.

அந்தக் கம்பெனிதான் 1998-ல் கவின்கேர் ஆனது. 'கவின்' என்றால் அழகு. ஆங்கிலத்தில் எழுதினால் அதில் அப்பாவின் இனிஷியலும் இருக்கும்.

அப்படியானால் அப்பா தோற்றவரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் யோசிக்காவிட்டால் மகனுக்கு விற்க ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் கண்டுபிடிப்பாளருக்கு, பொருள் வேலை செய்துவிட்டால் வேலை முடிந்தது. தொழில்முனைவோருக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். முன்பின் தெரியாத ஒருவர் அதைக் காசு கொடுத்து வாங்கி, தீர்ந்ததும் மறுபடி வந்து கேட்கும் வரை அவர் அதே ஒரு பொருளோடு நிற்கணும்.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மளிகைக் கடைகளுக்காக எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு பில்லிங் ஆப் செய்தேன். ஐடியாவைத் திருடிடுவாங்கன்னு ஒரு கடைக்காரரிடமும் காட்டவில்லை. கடைசியில் எங்க தெரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, என் கடையில யாரு பில்லு கேக்கா? யார் எவ்வளவு பாக்கின்னு சொல்லுதா இது?" என்றார். சொல்லவில்லை. எட்டு மாத உழைப்பும் என் சேமிப்பும் அந்த ஒரே கேள்வியில் முடிந்தது. முதல் வாரமே போய் நின்றிருந்தால் ஒரு டீ செலவோடு அந்தப் பதில் கிடைத்திருக்கும்.

அதனால் கேள்வி கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இதுதான். உங்க ஐடியாவை யாராவது திருடுவாங்களா என்பதை அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வாரமே, அதை வாங்கப் போகிற ஒரே ஒருத்தரிடம் கொண்டுபோய்க் காட்டுங்க. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் அதைப் பற்றிப் பேசுவோம்.