வீதிக்குக் கீழே ஓடும் வாயு

நகர வீதியொன்றில் நடந்து செல்லும் ஒருவரின் கண்ணிற் படுவன கடைகளும் வாகனங்களும் மின்கம்பங்களுமே. ஆயினும் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் அவ்வீதிகளின் கீழே, சில அடி ஆழத்தில், இன்னொரு போக்குவரத்தும் இரவு பகலாக நிகழ்ந்து கொண்டிருக்கின்றது. அதுவே குழாய்களின் வழியாக வீடுதோறும் சென்று அடுப்பை எரிக்கும் இயற்கை வாயு. எரியும் தன்மையுள்ள ஒரு பொருளை இலட்சக்கணக்கான மக்கள் உறங்கும் இடத்துக்குக் கீழே ஓடவிட்டு, அவர்களுக்கு ஊறு நேராமல் காப்பது எங்ஙனம்? நேயர்களே, இன்றைய பேச்சின் பொருள் இதுவேயாகும்.

நம் நாட்டு வீடுகளுக்கு அடுப்பு வாயு உருளைகளில் அடைபட்டே வருகின்றது. அது திரவமாக்கப்பட்ட பெற்றோலிய வாயு, காற்றிலும் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகப் படரும். இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீதேன், அது காற்றிலும் இலேசானது, மேலெழுந்து செல்லும். இவ்வேறுபாடு இருப்பினும் இரண்டுக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. இவற்றுக்கு இயல்பாக நிறமுமில்லை, நாம் உணரத்தக்க மணமுமில்லை. மீதேன் காற்றில் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்திருக்குமாயின், ஒரு சிறு பொறியே அதனை வெடிக்கச் செய்யப் போதும்.

அப்படியாயின் நமது சமையலறையில் நாம் முகர்ந்தறியும் அந்தத் துர்நாற்றம் எங்கிருந்து வந்தது? அதன் வரலாறு மிகத் துயரமானது. 1937 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18 ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரிலுள்ள பாடசாலை ஒன்று, வகுப்புகள் முடியும் வேளையில் வெடித்துச் சிதறியது. மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டனர். கட்டடத்தின் அடியிலே வாயு கசிந்து நிறைந்திருந்தது. மணமில்லாமையால் அதனை எவரும் அறியவில்லை. தொழிற்பயிற்சி அறையில் ஓர் இயந்திரத்தை இயக்கியபோது எழுந்த மின்பொறி அதனைப் பற்றவைத்தது. இதன் பின்னரே வாயுவுக்கு நாற்றமூட்ட வேண்டுமென டெக்சாஸ் மாநிலம் சட்டமியற்றியது. மெர்கப்டான் என்னும் கந்தகச் சேர்மானங்களை மிகச் சிறிதளவு கலப்பதே இதற்கான முறை. வெடிப்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த அளவின் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றிலிருக்கும்போதே, சாதாரண மனிதனின் மூக்கு அதனை அறிந்துவிட வேண்டுமென்பது அமெரிக்க விதியாகும்.

ஆயினும் மூக்கை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. நிலத்தினூடாக ஊறிச் செல்லும் வாயுவின் நாற்றத்தை மண் உறிஞ்சிவிடக்கூடும். வீதியின் மேற்பரப்பு இறுகியிருந்தாலோ, குளிர்நாடுகளில் நிலம் உறைந்திருந்தாலோ, மேலெழ வழியற்ற வாயு பக்கவாட்டில் நகர்ந்து வீடுகளின் நிலவறைகளுட் புகுந்துவிடும். ஆகவே வாயு ஊழியர்கள் நுட்பமான கருவிகளுடன் வீதி வீதியாகச் சென்று, கசிவைத் தேடிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இனி, குழாயைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். பழைய நகரங்களில் வார்ப்பிரும்புக் குழாய்களே முதலிற் புதைக்கப்பட்டன. வார்ப்பிரும்பு நீண்டகாலம் உழைக்கும். ஆனால் வளையாது, முறியும். காலப்போக்கில் மண்ணின் ஈரம் அதிலுள்ள இரும்பை அரித்துவிட, காரீயகம் போன்ற வலுவற்ற பொருளே எஞ்சும். குழாயின் வடிவம் மாறாமலே அதன் வலிமை போய்விடும். பிரித்தானியாவில் வேறொரு சிக்கலும் தோன்றியது. அங்கே 1967 முதல் 1977 வரையுள்ள காலத்தில், நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் கைவிட்டு இயற்கை வாயுவுக்கு மாறினார்கள். பழைய வாயு ஈரமானது; அது குழாய் மூட்டுகளில் அடைத்திருந்த சணல் நாரை ஊறவைத்து, இடைவெளிகளை இறுக்கமாக வைத்திருந்தது. புதிய வாயுவோ உலர்ந்தது. நார் காய்ந்து சுருங்கவே மூட்டுகள் கசியத் தொடங்கின. ஒன்றை நலமாக்கும் மாற்றம் இன்னொன்றைப் பழுதாக்கலாம் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. 2002 ஆம் ஆண்டிலே அந்நாடு, கட்டடங்களுக்கு 30 மீற்றர் தூரத்துக்குள் உள்ள இரும்புக் குழாய்களை முப்பது ஆண்டுகளுள் மாற்றிவிடும் திட்டமொன்றைத் தொடங்கியது.

உருக்குக் குழாயைக் காப்பதற்கு வேறு முறை உண்டு. அதற்கு மேற்பூச்சிடுவதோடு, மகனீசியத் துண்டுகளைக் கம்பியால் அதனுடன் இணைத்து மண்ணிற் புதைப்பர். அரிக்கும் வேதிவினை மகனீசியத்தைத் தின்று உருக்கை விட்டுவிடும். கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க 1824 ஆம் ஆண்டிலே ஹம்பிறி டேவி காட்டிய வழியே இது. இக்காலத்திற் பெரிதும் இடப்படும் பொலித்தீன் குழாய் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அலவாங்கின் ஒரே குத்தில் அது துளைபட்டுவிடும். உலோகம் தேடும் கருவிக்கும் அகப்படாது. ஆதலின் அதனோடு ஒரு கம்பியையும் சேர்த்துப் புதைப்பது வழக்கம். நிலத்தைத் தோண்டுவோர் முன்னதாக அறிவித்துக் குழாய் இருக்குமிடத்தைக் கேட்டறிய வேண்டுமென்ற விதியும் இதனாலேயே எழுந்தது.

குழாய் நல்லதாக இருந்தாற் போதுமா? போதாது என்பதை 2018 ஆம் ஆண்டு செப்டெம்பர் 13 ஆம் நாள் உலகம் கண்டது. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் லோரன்ஸ், அண்டோவர், வடக்கு அண்டோவர் ஆகிய ஊர்களில், மாலை 4 மணிக்குப் பின் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பற்றின. 131 கட்டடங்கள் சேதமுற்றன. ஓர் இளைஞர் உயிரிழந்தார். இருபதுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அன்று அங்கு நடந்துகொண்டிருந்த வேலை யாது? பழைய வார்ப்பிரும்புக் குழாயை நீக்கிப் புதிய பிளாஸ்ரிக் குழாயை இணைக்கும் பாதுகாப்பு வேலையேயாகும்!

நிகழ்ந்ததை ஓர் உவமையால் விளக்கலாம். வீட்டு நீர்த்தொட்டியில் ஒரு மிதவை உண்டு. நீர் குறைந்தால் மிதவை தாழும், குழாய் திறக்கும். நீர் நிறைந்தால் குழாய் மூடும். அம்மிதவையை எடுத்து, ஓட்டையான வேறொரு வாளியில் இட்டால் என்ன ஆகும்? வாளி வற்றும், மிதவை தாழ்ந்தே கிடக்கும், தொட்டியோ நிரம்பி வழியும். உயர் அமுக்கக் குழாயிலிருந்து வரும் வாயுவை வீட்டுக்கேற்ற தாழ்ந்த அமுக்கத்துக்குக் குறைக்கும் சீராக்கிகள், மெல்லிய உணர்குழாய்களின் மூலமே வீதிக்குழாயின் அமுக்கத்தை அறிகின்றன. அன்று பழைய குழாய் துண்டிக்கப்பட்டது. உணர்குழாய்கள் அதிலேயே இணைந்திருந்தன. கைவிடப்பட்ட குழாயில் அமுக்கம் குறையவே, சீராக்கிகள் வாயு போதவில்லையென எண்ணி முழுவதும் திறந்துகொண்டன. ஒன்று தவறினால் மற்றொன்று காக்குமென வைத்த இரு சீராக்கிகளும் அதே பழைய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தன. காவலர் இருவராயினும் கண் ஒன்றே!

வேலைத் திட்டத்தில் உணர்குழாய்களைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. அவற்றை நன்கறிந்த பிரிவினர் திட்டத்தை ஆராய்வதற்கு அழைக்கப்படவுமில்லை. தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் அபாய அறிவிப்புத் தோன்றியது. ஆனால் அங்கிருந்தவாறே வாயுவை அடைக்க வசதியில்லை. ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, களத்தில் வேலை செய்தோரைக் காட்டிலும் பொறியியல் நிருவாகத்தின் பலவீனத்தையே முதற் காரணமாகக் கண்டது. இத்தகைய திட்டங்களில் தகுதிபெற்ற பொறியியலாளர் கையொப்பமிட வேண்டுமென அம்மாநிலம் அவ்வாண்டின் இறுதியிலேயே சட்டமாக்கியது.

ஏட்டுப் பதிவும் உயிர்காக்கும் கருவியே. 2010 இல் கலிபோர்னியாவின் சான் புரூனோவில் 1956 ஆம் ஆண்டில் இட்ட பெருங்குழாய் ஒன்று வெடித்து 8 பேர் மாண்டனர். பதிவேட்டில் அது பொருத்தில்லாத குழாய். மண்ணுக்குள்ளேயோ குறைபட்ட பற்றுவைப்புப் பொருத்துடன் கிடந்தது. இல்லாததை உண்டென எழுதியும் உள்ளதை எழுதாமலும் விட்ட ஏடு, ஆய்வாளரின் கண்ணைக் கட்டிவிடுகின்றது.

இறுதியாக, வீட்டில் உள்ளோர் அறியவேண்டியவை சில. வாயு நாற்றம் வந்தால் தீக்குச்சி கிழிக்கலாகாது. மின் ஆளியைப் போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது, இரண்டிலும் பொறி எழும். எளிதாக எட்டுமாயின் வாயுவை மூடிக் கதவு யன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பின்னரே தொலைபேசியை எடுத்தல் வேண்டும். உருளை வாயுவுக்கும் இவ்விதிகளே பொருந்தும். அது தரையிலே தேங்குவதனால் வாசற்கதவைத் திறப்பது மிக இன்றியமையாதது. அடுப்புச் சுடர் நீலமாக இருத்தல் நன்று. மஞ்சளாகிப் புகைக்கரி படிந்தால் வாயு சரிவர எரியவில்லை என்பது பொருள். அப்போது காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நஞ்சு பிறக்கும். மூடிய அறையிலே தலைவலியும் மயக்கமும் தோன்றினால், உடனே வெளியே காற்றாட வருதல் வேண்டும்.

மண்ணுக்குள் மறைந்த குழாயைக் காப்பது இரும்பும் பிளாஸ்ரிக்கும் மட்டுமல்ல. புதைத்தவன் எழுதிவைத்த குறிப்பு, அதனைப் படித்தறிந்து தோண்டுபவனின் பொறுமை, வேறொருவர் கருத்தையும் கேட்டுக் கையொப்பமிடும் பொறியியலாளரின் அடக்கம் ஆகிய இவையும் சேர்ந்தே அந்தக் காவலைச் செய்கின்றன. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் அதன் விலையைக் கொடுப்பவர், ஒரு தவறும் செய்யாமல் தம் வீட்டிலே இருப்பவரேயாவர்.