மழை வந்தால் மூட மறுக்கும் ஜன்னல்: மரமா? யு.பி.வி.சி.யா?

நாகர்கோவில்:-

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் குமரி. மழை பிடித்துக்கொண்டால் பழைய வீடுகளில் முதலில் மக்கர் செய்வது மர ஜன்னல்தான். கதவு ஊதிப்போய் மூடாது. அடித்து மூடினால் திறக்காது.

பேசாமல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வெள்ளை நிற யு.பி.வி.சி. ஜன்னல் போட்டுவிடலாம் என்று பல வீடுகளில் பேச்சு எழுகிறது. அவசரப்பட்டால் நல்ல தேக்கும் போகும், கைக்காசும் போகும்.

ஊதுவது ஏன்?

மரம் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் விரியும். பெயிண்டு இல்லாத இடம் வழியாகத்தான் ஈரம் அதிகம் புகுகிறது. கதவின் அடி விளிம்பிலும், மேல் விளிம்பிலும் பலர் பெயிண்டே அடிப்பது இல்லை.

ஆகவே ஊதிய கதவு எல்லாம் கெட்டுப்போன கதவு அல்ல. வெயிலில் நன்றாக காய்ந்த பிறகு ஆசாரியை வைத்து லேசாக இழைத்து, 4 விளிம்புக்கும் பிரைமர், பெயிண்டு அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மழை நேரத்திலேயே இழைத்து தள்ளினால் கோடையில் சந்து விழும்.

குத்தி பாருங்க

மாற்றுவதா, வேண்டாமா என்பதற்கு ஒரு ஸ்குரு டிரைவர் போதும். நிலையின் அடிக்கட்டையிலும், மூலைகளிலும் குத்தி பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் மரம் திடமாக இருக்கிறது. மெத்தென்று இறங்கினாலோ, தட்டும்போது பொள்ளல் சத்தம் வந்தாலோ உளுத்துவிட்டது அல்லது கரையான் புகுந்துவிட்டது என்று அர்த்தம். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியை கரையான் எளிதில் தொடாது. வெளிறு பகுதியை விட்டு வைக்காது.

யு.பி.வி.சி. எப்படி?

யு.பி.வி.சி. என்பது இளக்கி சேர்க்காத கெட்டியான பி.வி.சி. மழையில் ஊதாது. கரையான் தின்னாது. பெயிண்டு தேவை இல்லை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றையும் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் இரும்பும், ஸ்குருவும், உருளையும் துருப்பிடிக்கலாம். துத்தநாகம் பூசிய இரும்பா, எவர்சில்வர் ஸ்குருவா என்று கேட்டு வாங்க வேண்டும்.

சட்டத்தின் தடிமனும் முக்கியம். ஐரோப்பிய தரத்தில் வெளிப்புற சுவர் 'ஏ' வகைக்கு 2.8 மி.மீ., 'பி' வகைக்கு 2.5 மி.மீ. இருக்க வேண்டும். வெட்டிய துண்டு ஒன்றை கேட்டு வாங்கி அளந்து பார்த்துவிடலாம். விரிசல் விட்டால் மரம் போல ஒட்டுப்போட்டு சரிசெய்வது கடினம்.

காற்றும் கம்பியும்

4 அடி அகல ஜன்னலில் கீல் வைத்த கதவை திறந்தால் முழு ஜன்னலும் திறக்கும். 2 கதவுள்ள ஸ்லைடிங்கில் பாதிதான், அதாவது 2 அடிதான் காற்று வரும். ஸ்லைடிங் தண்டவாளத்தில் தண்ணீர் வடிய துளை இருக்கும். அது அடைத்தால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

பழைய மர நிலையில்தான் ஜன்னல் கம்பியும் இருக்கிறது. நிலையை எடுத்தால் கம்பியும் போய்விடும். திருட்டு பயத்துக்கும், குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தனியாக கிரில் போட்டே ஆக வேண்டும்.

கணக்கு போடும்போது

மரத்துக்கு கன அடி கணக்கு. யு.பி.வி.சி.க்கு சதுர அடி கணக்கு. 4-க்கு 4 அடி ஜன்னல் என்றால் யு.பி.வி.சி.யில் 16 சதுர அடி. மரத்தில் 5-க்கு 3 இஞ்ச் வெளிச்சட்டம் மட்டுமே சுமார் 1.67 கன அடி வரும். கதவு, கண்ணாடி, கீல், பெயிண்டு, கூலி தனி. அந்த பக்கம் கிரில், கொசுவலை, சுவர் பூச்சு வேலை தனி. எல்லாவற்றையும் கூட்டி, ஒரு ஜன்னலுக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கினால்தான் உண்மை தெரியும்.

மரம் திடமாக இருந்தால் பழுது பார்ப்பதே லாபம். கதவு மட்டும் போயிருந்தால் கதவை மட்டும் மாற்றலாம். நிலையே உளுத்துவிட்டால் யு.பி.வி.சி. பக்கம் போகலாம்.

கழற்றும் கூலிக்கு பதிலாக பழைய மரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். அது தேக்காக இருந்தால் கூலியைவிட மரத்தின் விலை அதிகமாக இருக்கலாம். பழைய மரக்கடையில் ஒரு வார்த்தை விலை கேட்டுவிட்டு கொடுப்பதே நல்லது.