கணினி இசையும் உரிமமும்

கணினியில் இசையமைப்போர் பல்வகை ஒலிகளை உருவாக்கப் பயன்படுத்தும் மென்பொருளே மென்பொருள் சிந்தசைசர். இசைத்தொகுப்பு மென்பொருளுடன் இணைந்து இயங்குவதால் இது செருகுநிரல் எனவும் பெயர்பெறும்.

விலைமிகுந்த செருகுநிரல்களின் பூட்டை உடைத்துத் திருட்டுப்படிகளாகப் பரப்புவோர் உளர். பூட்டை உடைத்தவர் உள்ளே எதனைச் சேர்த்தார் என்பதை நாம் அறியோம். தீநிரல் புகுந்தால், பல நாள் உழைத்து அமைத்த பாடலும் அழியக்கூடும். மேலும், 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையில் சேர்த்துக் காக்கிறது. திருட்டுப்படி என்று அறிந்தே அதனைக் கணினியில் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும்.

அவ்வாறாயின், பொருள் இல்லாதோர் என் செய்வது? ‘சர்ஜ்’ என்னும் சிந்தசைசர் முன்னர் விலைக்கு விற்கப்பட்டது. 2018இல் அதனை உருவாக்கியவரே அதன் மூலநிரலை யாவருக்கும் திறந்து அளித்தார். இன்று தன்னார்வலர் பலர் அதனை ‘சர்ஜ் எக்ஸ்டி’ என்னும் பெயரில் வளர்த்து வருகின்றனர். 2020இல் வெளிவந்த ‘வைட்டல்’ செருகுநிரலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஆக்கியோர் மனமுவந்து அளிப்பதை நாம் தயக்கமின்றிப் பெறலாம். அவர் விலை கூறியதை விலை கொடுத்தே பெறுதல் வேண்டும்.

மாணவர்களே! நாளை நீங்கள் அமைக்கும் பாடலும் உங்கள் உடைமையே. அதனைப் பிறர் மதிக்க விரும்பினால், இன்று பிறர் உழைப்பை மதியுங்கள்.

சொற்பொருள்
தீநிரல் – கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல்
மூலநிரல் – மென்பொருளின் அடிப்படை எழுத்துவடிவம்

வினாக்கள்
1. திருட்டுப்படியால் விளையும் தீமைகள் இரண்டனை எழுதுக.
2. திருக்குறளின் ‘கள்ளாமை’ அதிகாரத்திலிருந்து இப்பாடத்திற்குப் பொருந்தும் குறள் ஒன்றனை எழுதி விளக்குக.